ஜெயவேல் தலையாட்டியது

பஸ்ஸில் ஏறினால் ஜெயவேலுக்கு மூத்திரம் போய்விடும். நாற்பத்திரண்டு வயது ஆம்பிளைக்கு இதைவிடக் கேவலம் வேறென்ன வேண்டும்? எப்போதும் இல்லை, கண்டக்டர் விசில் ஊதும்போது மட்டும்தான். விசில் ஊதாத கண்டக்டரை மெட்ராஸில் எங்கே போய்த் தேடுவது, நீங்களே சொல்லுங்கள்.

முதல் தடவை நடந்தது தண்டையார்பேட்டையில். கண்டக்டர் விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினான். ஜெயவேலின் மார்பு பூட்டிக்கொண்டது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மேல்கம்பியைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றது. கொஞ்ச நேரத்தில் பேண்ட் நனைந்து செருப்பு வரை இறங்கிவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண்மணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கஸ்மாலம், காலங்காத்தால தண்ணி போட்டுக்கினு வந்துடுதுங்க" என்றாள். ஜெயவேல் எப்போதாவது குடிக்கிறவன்தான், ஆனால் காலையில் தொட்டதே கிடையாது. இருந்தும் அவளுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. குடிக்காதவனைக் குடித்தான் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்று கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஏன் இல்லை என்பதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2003 ஆடி மாதம், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ராமசுப்பு அண்ணாச்சியின் யார்டு. லாரியிலிருந்து கம்பிக்கட்டு இறக்க அங்கே ஒரு கிரேன் உண்டு. மேலே உட்கார்ந்திருக்கிற கிரேன்காரனுக்குக் கீழே நடப்பது பாதிதான் தெரியும். அதனால் கீழே இரண்டு பேர் வேண்டும். ஒருவன் கட்டுக்கு இரும்புக்கயிறு சுற்றிக் கொக்கியில் மாட்டுவான். மற்றவன் தள்ளி நின்று கயிற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் வாயில் விசில் இருக்கும். கயிறு வழுக்கினாலோ பிரிந்தாலோ அவன் ஊத வேண்டும். ஊதிவிட்டால் கீழே இருப்பவன் என்ன ஏது என்று நிமிர்ந்து பார்க்காமல் ஓடிவிட வேண்டும். நிமிர்ந்தவன் செத்தான் என்பது யார்டில் பேச்சு. மாட்டுகிறவன் பீம்ராவ், விசில்காரன் ஜெயவேல். பதினோரு வருஷமாக அதே ஜோடி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அடுத்தடுத்த பிளாக்கில்தான் வீடும்.

அன்றைக்குக் கட்டு மேலே போகும்போது கயிற்றின் புரி ஒவ்வொன்றாக அறுவதை ஜெயவேல் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். விசில் பல்லுக்கு நடுவில்தான் இருந்தது. மூச்சு வரவில்லை. கை கால் எதுவும் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. ஜெயவேல் நிற்கிறான் என்ற தைரியத்தில் பீம்ராவ் முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த கட்டுக்குக் கயிறு எடுத்துக்கொண்டிருந்தான். கட்டு அவன் மேலேயே விழுந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுகிற வேலைகூட யாருக்கும் இல்லாமல் போயிற்று.

இதோடு போயிருந்தால்கூட மனுஷன் எப்படியாவது நிமிர்ந்திருப்பான். அரைமணி நேரம் கழித்து அண்ணாச்சி வந்தார். வந்தவர் அறுந்த கயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜெயவேலிடம் வந்தார்.

"விசில் ஊதுனியாடே?"

"ஊதுனேன் அண்ணாச்சி."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியாது. மூச்சு வராத வாயில் பொய் மட்டும் லகுவாக வந்தது.

"ஊதுனா அவன் ஏன் ஓடல? தண்ணி கிண்ணி போட்டிருந்தானோ?"

ஜெயவேல் தலையை மேலும் கீழுமாக ஆட்டினான். ஒரே ஒரு தடவை. அண்ணாச்சிக்கு அது போதுமாயிருந்தது. இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று கிரேன்காரன் ஒதுங்கிக்கொண்டான். நைந்த கயிறு எப்போது வாங்கியது என்று யாரும் கேட்கவில்லை. பிணத்தை அறுத்த டாக்டரிடம் பீம்ராவ் குடித்திருந்தானா என்றும் எவனும் கேட்கவில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்து செத்தான் என்கிற பேச்சு, ஜெயவேல் வீட்டுக்குப் போகும் முன்பே வியாசர்பாடிக்குப் போய்விட்டது.

பீம்ராவ் யாரென்று சொன்னால்தான் அந்தத் தலையாட்டலின் கனம் உங்களுக்குத் தெரியும். அவன் அப்பா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்த குடும்பம். பிளாக்குகளுக்குப் பின்னால் புத்தர் சிலை வைத்து, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன விகார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஐந்து உறுதிமொழிகளையும் வரி வரியாகச் சொல்லிக் கொடுக்கிறவன் பீம்ராவ்தான். கொல்ல மாட்டேன், திருட மாட்டேன் என்று தொடங்கி, குடிக்க மாட்டேன் என்று முடியும். அவன் பேச்சைக் கேட்டு ஏழெட்டுப் பேர் குடியை விட்டிருந்தார்கள். குடித்ததற்காக ஜெயவேலுக்கும் அவன் கையால் நாலு அடி உண்டு. அப்படிப்பட்டவன் குடித்துவிட்டுச் செத்தான் என்றால் நாலு பேர் வாய் சும்மா இருக்குமா? ஊருக்குத்தான் உபதேசம் என்றார்கள். குடியை விட்டவர்களில் மூன்று பேர், "அவுரே போட்டுக்கினாரு, எனுக்கு இன்னா" என்று மறுபடி கடைக்குப் போனார்கள். பீம்ராவின் பெண்டாட்டி ரமாபாய் விகார் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

ஜெயவேல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தேள் கொட்டிய திருடன் வாய்விட்டு அழ முடியுமா?

யார்டில் விசிலை வேறொருவனிடம் கொடுத்துவிட்டு, அந்தச் சத்தம் எட்டாத குடோனில் எடை போடப் போய்விட்டான். பஸ்ஸை விட்டுச் சைக்கிளுக்கு மாறினான். அதுவும் எத்தனை நாள்? சிக்னலில் டிராபிக் போலீஸ்காரர் ஊதினாலும் அதே கதைதான். இதையெல்லாம் தோய்த்துப் போட்டவள் அவன் பெண்டாட்டி கெங்கம்மா. ராயபுரத்தில் ஒரு மாதா கோவில் ஹாலில் பெருக்கித் துடைத்து டீ போட்டுக் கொடுக்கிற ஆயா வேலை அவளுக்கு. சுனாமிக்கு அப்புறம் அந்தப் பக்கம் மீனைவிடத் தொண்டு நிறுவனம் அதிகமாகியிருந்தது. அதில் ஒன்று அந்த ஹாலில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்தியது. அலையில் ஆளைப் பறிகொடுத்து, தூக்கம் வராமல், நெஞ்சு படபடத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு உடம்பை வைத்தே வைத்தியம். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. சொல்லிக் கொடுத்தவள் ரெஜினா. பெங்களூரில் படித்துவிட்டு வந்தவள். அவள் அப்பா தெற்கே நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர். கெங்கம்மா ஒரு நாள் டீ டம்ளரை வைத்துவிட்டு அவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"நான் இன்னா மெண்டலா?" என்று ஜெயவேல் வீட்டில் எகிறினான்.

"மெண்டலா இருந்தா மாத்திரையாவது குடுப்பாங்க. பேண்ட்டு தோய்க்கறது நீயா, நானா? ஒயுங்கா கெளம்புய்யா."

போனான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றி நிற்கச் சொன்னாள் ரெஜினா. கால் தரையில் இருப்பதை உணர வேண்டுமாம். பிறகு முட்டியை லேசாக மடக்கி உடம்பு முழுவதையும் உதறச் சொன்னாள். பிறகு வண்டு மாதிரி முனகிக்கொண்டே மூச்சை விடச் சொன்னாள். பத்துப் பன்னிரண்டு மீன்காரப் பெண்களும் இரண்டு கிழவர்களும் உதறிக்கொண்டு முனகினார்கள். சாத்தாங்காட்டு ஆட்கள் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டால் நம் கதி என்ன என்று ஜெயவேல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதைவிட இன்னொன்று அவனை அரித்தது. இவர்களெல்லாம் நிஜமாகவே பறிகொடுத்தவர்கள். முத்தம்மா என்று ஒருத்தி, அலையில் தங்கச்சியை இழந்தவள், டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனுக்கு ஆரு போனாங்க நைனா?"

"ஒரு தோஸ்து."

"அலையிலயா?"

ஜெயவேல் தலையாட்டினான். பாழாய்ப்போன தலை, யார் கேட்டாலும் ஆடிவிடுகிறது. முத்தம்மா தன் பங்கு பிஸ்கட்டை அவன் கையில் வைத்தாள். அதைத் தின்னவும் முடியாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

நாலாவது சனிக்கிழமை ரெஜினா அவனைத் தனியாக உட்கார வைத்தாள்.

"இப்ப உடம்புல எந்த எடத்துல பிடிச்சிருக்குண்ணே?"

"தாடையில. நெஞ்சுல."

"என்ன நடந்துச்சுன்னு கொஞ்சம் கொஞ்சமா சொல்லுங்க. மூச்சு முட்டுனா நிறுத்திருங்க."

கயிறு, கட்டு, பல்லுக்கு நடுவில் இருந்த விசில், எல்லாம் சொன்னான். அண்ணாச்சி வந்தது வரைக்கும் வந்து நிறுத்திக்கொண்டான். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை. நடுவில் அவன் வெளிறிப்போகும்போதெல்லாம், "போதும், ஜன்னலுக்கு வெளிய என்ன தெரியுதுன்னு பாருங்க" என்று நிறுத்தி, அவன் முகம் தெளிந்த பிறகு தொடர வைத்தாள்.

"அன்னைக்கு உங்க உடம்பு என்ன செய்யணும்னு தவிச்சுது?"

"ஊதணும்னு."

"அத இப்ப செய்யுங்க. மெதுவா. அவசரமே கெடையாது."

விசில் இல்லாத வாயைக் குவித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தானோ தெரியாது. முதலில் முட்டி நடுங்கியது. பிறகு தொடை, வயிறு. நடுங்கட்டும், தடுக்காதீங்க என்றாள் ரெஜினா. திடீரென்று மூச்சு பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. ஊ என்று அவன் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து கெங்கம்மா ஓடிவந்துவிட்டாள். அப்புறம் அழுதான். மூக்கு ஒழுக, பிள்ளை மாதிரி அழுதான்.

"நான் பயந்தாங்கொள்ளி இல்லியா மிஸ்?"

"பருந்து நெழலப் பாத்தா கோழிக்குஞ்சு சில நேரம் ஓடாது, அப்படியே வெறச்சு நின்னுரும். அது உடம்பு தானா செய்யுறது, உங்களக் கேட்டுச் செய்யல. வெறச்சு நின்னது உங்க தப்பு இல்லண்ணே."

அவள் அளந்துதான் சொன்னாள். ஜெயவேல் காதில் விழுந்தது கடைசி மூன்று சொல் மட்டும்.

உங்க தப்பு இல்ல. அதை வாயில் போட்டு மென்றுகொண்டே கல்மண்டபம் ஸ்டாப்புக்கு வந்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு பஸ்ஸில் ஏறினான். கண்டக்டர் ஊதினான். மார்பு பிடித்தது. காலைத் தரையில் ஊன்றினான், வண்டு மாதிரி முனகினான். மார்பு விட்டது. குனிந்து பேண்ட்டைத் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. அவன் சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வது? பக்கத்தில் நின்றவனிடம் காரணமே இல்லாமல் சிரித்தான். அந்த ஆள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான்.

அந்தச் சந்தோஷம்தான் அவனை நேராக ரமாபாய் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனது. தனக்கு இறங்கிய பாரம் அவளுக்கும் இறங்கட்டும் என்ற நல்லெண்ணம்! மடத்தனம் என்று நாம் சொல்லலாம். இரண்டு வருஷம் குனிந்து நடந்தவனுக்கு முதுகு நிமிர்ந்ததும் தலை கொஞ்சம் சுற்றத்தான் செய்யும்.

ரமாபாய் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள்.

"ரமா, சனிக்கெயம நீயும் ராயபுரம் வாம்மா. கெங்காவோட வந்துடு. ஒடம்பு அப்டியே லேசாயிடுது. இன்னிக்கி பஸ்ல வந்தேன், எனுக்கு ஒண்ணுமே ஆவல."

"இன்னாண்ணே அது?"

"உள்ள மாட்டிக்கினு கீறத வெளிய எடுக்கறாங்க. அன்னிக்கி கயிறு அறுந்துக்கினு போவுது, விசில் வாயில கீது, ஊத முடியல, கல்லு மாதிரி நின்ட்டேன் இல்ல? அது என் தப்பு இல்லியாம். ஒடம்பு அதுவா பண்றதாம். மிஸ் சொன்னாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே நின்றான். ரமாபாயின் ஊசி துணியில் பாதியில் நின்றது.

"நீ விசில் ஊதலியா?"

அப்போதுதான் ஜெயவேலுக்கு உறைத்தது. சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது, எடுக்கத் தெரியவில்லை.

"ஊதுனே, அவுரு போதையில நின்னாருன்னு இல்ல சொன்னாங்க."

"நானா சொல்லல ரமா. அண்ணாச்சி கேட்டாரு. நான் தலைய ஆட்டிட்டேன்."

"அவுரு குடிச்சிருந்தாரா?"

"இல்ல."

"ஒரு சொட்டு?"

"இல்லம்மா. காலையில ரெண்டு பேரும் டீ குடிச்சோம். அவ்ளோதான்."

ரமாபாய் எழுந்து போய்ப் பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய புடவை மூட்டையை எடுத்தாள். உள்ளே பீம்ராவின் போட்டோ. இரண்டு வருஷமாக அது சுவரில் இல்லை என்பதை ஜெயவேல் கவனித்ததுகூட இல்லை.

"எல்லாரும் சொன்னாங்க. நான் நம்பல, நம்பலன்னு ஆறு மாசம் இருந்தேன். அப்பறம் நானும் நம்பிட்டேன் அண்ணே. பொண்டாட்டி நான், நானே நம்பிட்டேன். ஊர்ல கீறவனுக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு நீ இன்னா காரியம்யா பண்ணேன்னு திட்டி உள்ள தூக்கி வெச்சேன். பொண்ணு கேட்டா அவகிட்டயும் அப்டியேதான் சொன்னேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"விசில் ஊதாதது ஒடம்பு. சரி, ஒத்துக்கினேன். தலைய ஆட்னது ஆரு?"

ஜெயவேல் படி இறங்கினான். மாடிப்படியில் எதிரே வந்தவர்கள் எல்லாருக்கும் தன் முகத்தில் அது எழுதியிருக்கிறதென்றே அவனுக்குத் தோன்றியது.

அவனுக்கு முன்னால் ரமாபாயே கெங்கம்மாவிடம் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவன் விகாருக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டாளாம். கெங்கம்மா அன்றைக்குச் சோற்றைப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருசம் ஒன் பேண்ட்ட தோய்ச்சேன். இத்த எத்தப் போட்டுய்யா தோய்க்கறது?"

சோறு அப்படியே இருந்தது. சனிக்கிழமை அவன் வகுப்புக்கு முதல் ஆளாகப் போய் நின்றான். ரெஜினாவிடம் தலையாட்டிய கதையையும் சொல்லி முடித்தான்.

"இதுக்கும் ஒரு பயிற்சி குடுங்க மிஸ். நெஞ்சு அன்னிக்கிவிட ஜாஸ்தியா வலிக்குது."

ரெஜினா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"இதுக்கு எங்கிட்ட பயிற்சி கெடையாதுண்ணே. அன்னைக்கு வெறச்சதுக்கு நீங்க வெக்கப்பட வேண்டியதில்லன்னு சொன்னேன், அது உண்மை. இதுக்கு வெக்கப்படத்தான் வேணும். போய்ச் சொல்லுங்க."

"சொன்னா வேல பூடும் மிஸ். அண்ணாச்சி வெச்சிக்க மாட்டாரு. ஏரியாவுல தலகாட்ட முடியாது."

"ஆமா, போகும்" என்றாள். அவ்வளவுதான். வேறு ஒருத்தியாக இருந்தால் ஆறுதலுக்காவது ஏதாவது சொல்லியிருப்பாள்.

ஞாயிறு காலை எண்ணூரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்று சைக்கிளை வெளியே எடுத்தான். கெங்கம்மா வாசலில் நின்றாள். சைக்கிளைத் திரும்பச் சாத்திவிட்டு விகாருக்கு நடந்தான்.

நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். பீம்ராவ் போன பிறகு உறுதிமொழி சொல்லிக் கொடுக்கிறவர் கருணாகரன் என்கிற ரிட்டையர்டு ரயில்வேக்காரர். ரமாபாய் வெள்ளைப் புடவையில் மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புத்தர் சிலைக்குப் பக்கத்தில் பீம்ராவின் போட்டோவை அவளே கொண்டுவந்து வைத்திருந்தாள். இதை எதுக்கு இங்கே வெச்சிக்கீது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது எல்லார் காதிலும் விழுந்தது. குடிக்க மாட்டேன் என்ற ஐந்தாவது வரியைச் சொல்லும்போது இரண்டு பேர் அந்தப் போட்டோவைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்கள். ஜெயவேல் அதையும் பார்த்தான்.

உறுதிமொழி முடிந்ததும் ரமாபாய் திரும்பினாள். "முன்னாடி வாண்ணே."

எழுந்தான். செருப்பு விடும் இடத்திலிருந்து சிலை வரைக்கும் இருபதடிகூட இருக்காது, நடந்து தீரவில்லை. வந்து நின்றதும் தாடை இறுகியது. காலை ஊன்றினான், மூச்சை விட்டான். உடம்பு இடம் கொடுத்தது. அவனுக்குத்தான் வாய் வரவில்லை. உடம்பின் மேல் பழி போட இப்போது வழியில்லை என்பது அவனுக்கே தெரிந்தது.

"பீம்ராவ் குடிக்கல" என்றான். முன்வரிசையைத் தாண்டாத குரல். "அவன் குடிக்கவே இல்ல. கயிறு அறுந்தத நான் பாத்தேன், விசில் ஊதல. ஊதுனேன்னு பொய் சொன்னேன். குடிச்சிருந்தானான்னு கேட்டாங்க. ஆமான்னு தலையாட்னேன். என்னைக் காப்பாத்திக்க."

கருணாகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். யாராவது எழுந்து வந்து நாலு அறை வைப்பார்கள் என்று ஜெயவேல் எதிர்பார்த்தான். வைத்தால் தேவலை என்றுகூட இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அப்படியே உட்காரப் போனான்.

"ஒக்காராதே" என்றாள் ரமாபாய். கத்தவில்லை, கோபப்படவுமில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பீம்ராவைக் காரணம் சொல்லி மறுபடி குடிக்கப் போய், இப்போது பின்வரிசையில் நின்ற அந்த மூன்று பேரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பின்னாடி கீறவங்களுக்குக் கேட்டிருக்காது. இன்னொரு தபா சொல்லுண்ணே. சத்தமா."